பள்ளத்தில் நின்ற ஸ்டாஃப் கம்பு

திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆறுமுகநேரி உப்பளங்களைச் செல்போன் மேப்பில் மேலிருந்து பார்த்துக்கிட்டே வந்தேன். பாத்திகள் கட்டம் கட்டமா வெள்ளையாக் கிடக்க, மேற்கே உடைமரக் காட்டுக்குள்ள மட்டும் ஒரு பச்சைச் சதுரம், நாலு மூலையும் லேசா மழுங்கி. உப்புப் பாத்திக்கு மூலை மழுங்காது. “அய்யோ, இது கோட்டை அகழியாச்சே!”ன்னு வாய்விட்டே சொல்லிட்டேன், பக்கத்து சீட்டு அக்கா பையை மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க.

இனி சொல்லப்போறதைக் கேட்டு நீங்க சிரிக்கலாம். நானே சிரிச்சிருப்பேன். ஆதிச்சநல்லூர்ல தாழி எடுத்த குழி ஓரத்துல உக்காந்து புளியோதரை தின்னவ நான். தொல்லியல் எம்.ஏ. முடிச்ச எனக்கு, செத்தவங்கன்னா எலும்பு, ஓடு, சாம்பல், அவ்வளவுதான்.

மறுநாளே ரெக்ஸனை இழுத்துக்கிட்டுப் போனேன். அவன் பெரியதாழைக்காரன், சிவில் டிப்ளமா, கத்தார் விசாவுக்குக் காத்திருக்கான், அதனால எப்பக் கூப்பிட்டாலும் வருவான். சதுரம் நிஜம்தான். உள்ளூர்ல கோட்டைமேடுன்னு சொல்லுதாங்க. தேரிச் செம்மண்ணைக் கொட்டி எழுப்பின கரை, சுத்தி தூர்ந்துபோன அகழி, உள்ள கூரை ஓடும் பச்சைப் பூச்சுப் பூசின சீனத்துப் பீங்கான் சில்லும். பாண்டியர் காலத்துல துறைமுகச் சரக்கைக் காத்த இடமா இருக்கும்னு என் கணிப்பு. ஆனா வடக்குக் கரையில இருபது தப்படிக்கு ஒண்ணுமே இல்ல. ரோடு போட மண்ணுன்னு ஜேசிபி வச்சு, அடியில சாம்பல் நிறக் களிமண் தெரியுற வரைக்கும் வழிச்சு எடுத்துட்டாங்க. டிப்பர் தினமும் வருது, தினமும் ஒரு வாய் கடிச்சுக்கிட்டுப் போகுது.

மண்ணு எடுக்குறதை நிறுத்தச் சொல்லி தொல்லியல் துறை ஆபீஸ்ல மனு கொடுத்தேன். “எந்தக் கரை, எவ்வளவு உசரம், எங்க உடைஞ்சிருக்கு, அளந்து கொண்டாங்க, பார்ப்போம்”னாங்க. ரெக்ஸன் படிச்ச பாலிடெக்னிக்ல கெஞ்சி ஒரு பழைய லெவல் மெஷின் வாங்கினோம். அதோட கணக்கு ரொம்ப எளிசு: மெஷின் ஒரே மட்டத்துல நேரே பார்க்கும், எதிரே ஒருத்தன் அளவு போட்ட ஸ்டாஃப் கம்பை நிறுத்துவான், தரை தாழத் தாழ கம்புல தெரியுற எண் கூடும்.

பகல் பன்னிரண்டு மணி, மண்டையைப் பொளக்குற வெயில். கரை மேல மெஷினை நிறுத்தி நான் பார்க்க, ரெக்ஸன் கம்போட நடந்தான். முழுசா இருக்குற கரையில ஒன்னு நாப்பது மீட்டர், ஒன்னு நாப்பத்திரண்டு. பள்ளத்துல இறங்கினதும் மூணரைக்கு மேல வரணும். நான் கண்ணை வச்சேன். ஒன்னு பதினெட்டு. எழுதிட்டேன். அடுத்த இடம், ஒன்னு பத்தொன்பது. மூணாவதுக்குத்தான் உறைச்சுது. கண்ணாடிக்குள்ள அவன் விரல் தெரியுது, கம்பை நெஞ்சு உசரத்துல பிடிச்சிருக்கான், எனக்கு நேரா.

கண்ணை எடுத்துப் பார்த்தேன். கரைக்கு மேல ஆளே இல்ல. நீட்டின கம்போட நுனி மட்டும் எட்டிப் பார்க்குது.

“ஏலே, எங்க நிக்க?”

“பள்ளத்துலதாம்ளா நிக்கேன், உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? சீக்கிரம் சொல்லு, காலு வேகுது.”

திரும்பக் கண்ணை வச்சேன். அதே விரல், அதே நெஞ்சு உசரம், மோதிரம் கூட பளிச்னு. நம்பினா நம்புங்க, இப்படி ஏழெட்டுத் தடவை மாத்தி மாத்திப் பார்த்தேன். வெறுங்கண்ணுக்குப் பள்ளம், மெஷினுக்குக் கரை. நாலாவது இடத்துலயும் ஒன்னு பதினெட்டு. மெஷின் கோளாறா இருக்கும்னு, முதல் அளவு எடுத்த கல்லுலயே திரும்பக் கம்பை வைக்கச் சொன்னேன், பழைய எண்ணே வந்துச்சு, மில்லிமீட்டர் பிசகலை.

அளவு குறிக்குற புக்குல பேனாவுலயே எழுதினேன். கண்ட எண்ணை அழிக்கக் கூடாதுங்குறதுதான் லெவல் புக்கோட முதல் பாடம்.

ஆபீஸ்ல இருந்த சார் நல்ல மனுஷன்தான். புக்கை ரெண்டு தடவை புரட்டினார். “ஏம்மா, மனுவுல கரை உடைஞ்சிருக்குன்னு இருக்கு. உங்க புக்குல உடைஞ்ச இடம்தான் மத்த இடத்தை விட உசரமா இருக்கு. நான் எதை மேல அனுப்ப?”

செல்போன்ல எடுத்திருந்த பள்ளத்தோட போட்டோவைக் காட்டினேன்.

“பள்ளம் தெரியுது. எந்த ஊர்ப் பள்ளம்னு யாரு கண்டா? இடத்தைப் பார்க்க ஆள் வர நாளாகும்.” அப்புறம் குரலைத் தாழ்த்தி, “நாலு எண்ணுதானே, சரிபார்த்துத் திருத்திக் கொண்டாங்க.”

மூணரைன்னு எழுதினா இடம் பிழைச்சாலும் பிழைக்கும். ஆனா மூணரைன்னு நான் எதையும் பார்க்கலையே. பொய் எழுதி நிஜத்தைக் காப்பாத்தணுமா, நிஜத்தை எழுதி இடத்தை இழக்கணுமா? வீட்டுக்கு வர்ற வழியில கோட்டைமேட்டுப் பக்கமிருந்து ரெண்டு டிப்பர் எதிரே வந்துச்சு, செம்மண் தார்ரோட்டுல சிந்திக்கிட்டே. பஸ்ஸுக்குள்ள இருந்து என்ன பண்ண முடியும்? பார்த்துக்கிட்டிருந்தேன்.

வெயில், கானல், படிச்ச மூளையோட கற்பனைன்னு எதை வேணும்னாலும் சொல்லுங்க, எல்லாத்தையும் நானே சொல்லிப் பார்த்துட்டேன். ரெண்டு விஷயம் மட்டும் அடங்க மாட்டேங்குது. அன்னைக்கு ரெக்ஸனோட செருப்பு முழுக்கச் சாம்பல் களிமண், அவன் பிடிச்சிருந்த கம்போட அடியில மட்டும் ஈரச் செம்மண். ரெண்டாவது, அந்த ஒன்னு பதினெட்டு. மிஞ்சியிருக்குற கரையை விட ஒரு சாண் உசரம் அது. இத்தனை நூறு வருஷ மழை கரைச்ச கரையில்ல, நேத்துக் கட்டி முடிச்ச கரையோட உசரம்.

ரெக்ஸனுக்கு விசா வந்துட்டு. செவ்வாய்க்கிழமை பிளைட். ஞாயித்துக்கிழமை டிப்பர் ஓடாது, அன்னைக்குப் போறோம். இந்தத் தடவை அவன் மெஷின்ல பார்ப்பான், பார்க்குற எண்ணை அவன் கையாலேயே பேனாவுல எழுதுவான். மூணரைன்னு வந்தா மனு போகும், நான் கண்டது என்னோடயே போகட்டும்.

“ஒன்னு பதினெட்டுன்னே வந்தா?”ன்னு கேட்டான். கம்போட பள்ளத்துல இறங்கப்போறது நான்தான். செருப்பைக் கழட்டிட்டு இறங்கப்போறேன், எந்த மண்ணு ஒட்டுதுன்னு காலே சொல்லட்டும்.