ரொட்டி சானாய்க்கு முன் ஒரு ஜெபம்

பெண்டாங் ஊரில், தமிழ் முஸ்லிம் அண்ணன் ஒருவர் நடத்தும் மாமாக் உணவுக்கடை. பரோட்டா போன்ற ரொட்டி சானாயைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனேன்.

"அப்பா! ஜெபம்!" என்றாள் ஆறு வயது மகள் எஸ்தர். நான்கு வயதுத் தம்பி ஜோயல் ஏற்கெனவே கண்ணை மூடியிருந்தான். அசடு வழிய நானும் மூடினேன்.

அடுப்பங்கரையிலிருந்து வந்த பொரித்த நெத்திலி வாசம் என்னை நான் சிறுவயதில் வளர்ந்த பாலிங் ரப்பர் தோட்டத்து வீட்டுக்கு இழுத்துப் போனது. பால்மரம் வெட்டிவிட்டு வரும் அப்பா ஜெபிக்க ஆரம்பித்தால், மழை விடுவதிலிருந்து தோட்டக் கணக்குப்பிள்ளையான கிராணியின் மூட்டுவலி வரை ஒன்றையும் விடமாட்டார். அதற்குள் நான் பாதி நெத்திலியைத் தின்றிருப்பேன். ஒருநாள் அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கர்த்தாவே, தட்டுல மிச்சமிருக்கிற நெத்திலிய ஆசீர்வதியும்."

இப்படிப்பட்ட நான் பிள்ளைகளுக்கு எந்த விசுவாசத்தைக் கற்றுத்தரப் போகிறேன் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

எஸ்தர் கடை முழுக்கக் கேட்கும்படி ஜெபித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்தால், கடைக்கார அண்ணன் குழம்புக் கரண்டியோடு காத்து நிற்கிறார்.

"நீங்க ஊத்துங்கண்ணே," என்றேன் கூச்சத்தோடு.

"பிள்ளை முடிக்கட்டும்லா," என்றார் அவர்.

"யேசப்பா, காலையில ரோட்டுல அப்பா ஒரு மோட்டார் சைக்கிள் அங்கிள ரொம்ப ஏசிட்டாரு. மன்னிச்சிருங்க. நாங்க மன்னிச்சிட்டோம்."

"ஆமாம், மன்னிச்சிட்டோம்," என்றான் ஜோயல்.

என் மானம் போன அதே நொடியில், பக்கத்து மேசையில் காகிதம்போல் மெல்லிசாக, உயரக் கூம்பாக நின்ற ரொட்டி தீசுவைப் போல் என் நெஞ்சு நிமிர்ந்தது. அந்தக் கடையில் சத்தமாக ஆமென் சொன்னவன் நான்தான்.