கேடயத்துக்கு லக்கேஜ் டிக்கெட்

ஏற்காட்டில் ஒரு பள்ளியில் நான் பி.டி. டீச்சராகச் சேர்ந்த முதல் நாள், எச்.எம். என்னை நேராக மேடைக்கு அழைத்துப் போனார். சிமெண்ட் மேடை. திரை இழுக்கக் கம்பி, சீஃப் கெஸ்ட் ஏறுவதற்குத் தனிப் படி. "எப்படிங்க டீச்சர் இருக்குது?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றேன். மைதானம் எங்கே என்று கேட்டதும் எதிரே இருந்த சரிவைக் காட்டினார்.

"மழையில கொஞ்சம் கீழ எறங்கிருச்சுங்க. ஓடறதுக்கு ஆகும்."

அந்தச் சரிவில் பந்தை உதைத்தால் அது காப்பித் தோட்டத்துக்குள் போய்விடும். தேடி எடுத்து வருவதற்குள் பீரியட் முடிந்துவிடும். அதனால் பந்தே தேவைப்படாத விளையாட்டாகப் பார்த்துக் கோ-கோ ஆரம்பித்தேன். என் விளையாட்டு ஞானம் என்று பிற்காலத்தில் பாராட்டப்பட்டது இதுதான்.

மூன்றாவது வருடம், டிசம்பர் தொடக்கத்தில், எங்கள் பெண்கள் அணி சேலத்தில் மாவட்டப் போட்டியை ஜெயித்தது. சரிவிலேயே ஓடிப் பழகிய பிள்ளைகளைச் சமதரையில் யாராலும் துரத்திப் பிடிக்க முடியவில்லை. மாநிலப் போட்டி ஜனவரிக் கடைசியில், திருநெல்வேலியில். பன்னிரண்டு பெண்கள், கூட நான். பஸ், ரயில், சாப்பாடு, ஷூ எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும்.

மாவட்டக் கல்வி ஆபீசில் போய்க் கேட்டேன். அங்கிருந்த கிளார்க் பொறுமையாக விளக்கினார். "போயிட்டு வந்து பில்லு வெச்சீங்கன்னா சாங்ஷன் ஆயிருமுங்க."

"போறதுக்குப் பணம் வேணுமே சார்?"

"போனாத்தானுங்க பில்லு வரும்?" என்றார்.

1. கமிட்டி

எங்கள் எச்.எம். கெட்டவர் இல்லை. எந்தச் சிக்கல் வந்தாலும் அதற்குள் ஒரு விழா ஒளிந்திருப்பது அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான். மறுநாளே ஏழு பேர் கொண்ட கமிட்டி போட்டார். முதல் கூட்டத்தில் ஒரு மணி நேரம் கமிட்டிக்குப் பெயர் வைப்பதில் போனது. 'குளிர்கால விளையாட்டு நிதி திரட்டும் குழு' என்று முடிவானது. அதன் பிறகு யோசனைகள் வந்தன.

தமிழ் ஐயா, பிள்ளைகளை வைத்து வாழ்த்து அட்டை வரைந்து டூரிஸ்ட்டுகளுக்கு விற்கலாம் என்றார். கணக்கு சார், குலுக்கல் சீட்டு போட்டுக் குக்கர் பரிசு தரலாம் என்றார். பழைய பேப்பர் சேர்க்கலாம் என்றார் இன்னொருவர். எதைச் சொன்னாலும் எச்.எம். தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "நல்ல யோசனைங்க. சீஃப் கெஸ்ட்டா யாரைக் கூப்புடலாம்?" என்றார். பழைய பேப்பருக்கும் அதே கேள்விதான்.

கடைசியாகப் பேசியவர் பெற்றோர் சங்கத் தலைவர் துரைசாமி. ஏரிக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருந்தார்.

"ஏனுங்க சார், எதுக்கு இத்தன கொழப்பம்? வருசக் கடைசியில என்ற லாட்ஜு பூரா கெஸ்ட்டு. புல்தரையில ஒரு குளிர்கால விழா வெச்சுப்போடலாம். புள்ளைங்க நாலு பாட்டுக்கு டான்ஸ் ஆடட்டும். டிக்கெட்டுல வர்றது அத்தனையும் புள்ளைங்களுக்குத்தான்."

"இவங்க கோ-கோ ஆடற பிள்ளைங்க சார்," என்றேன். "டான்ஸ் எல்லாம்..."

"ரெண்டும் கால்ல செய்யற வேலைதானுங்களே டீச்சர்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சம்மதம் என்று எழுதியிருந்த தாளில் ஆறாவது கையெழுத்து என்னுடையது.

2. புல்தரை

இரண்டு வாரம் என் விசிலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. விளையாட்டு பீரியடில் டேப் ரிக்கார்டர் பாடியது. எதிராளிக்குப் போக்குக் காட்டி வளைந்து ஓடப் பழகிய பெண்கள் இடுப்பில் கை வைத்து வட்டமாகச் சுற்றினார்கள். கிளியூரிலிருந்து வருகிற அணித் தலைவி பொன்னிக்கு ஆட்டம் சுத்தமாக வரவில்லை. அதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

விழா நாள். சாயங்காலம் நாலு மணிக்கே பனி இறங்கிவிட்டது. வாடகைக்கு எடுத்திருந்த உடைகள் ஜரிகை வைத்த மெல்லிய துணி, அரைக்கை. வரவேற்புக்கு என்று பிள்ளைகளை வாசலில் வரிசையாக நிறுத்தி ஆளுக்கொரு தட்டைக் கையில் கொடுத்தார்கள். கெஸ்ட்டுகள் வந்து உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டார்கள். சீஃப் கெஸ்ட் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் வரவில்லை.

அணியிலேயே சின்னவள் வசந்தி, நாகலூரிலிருந்து வருகிற எட்டாம் வகுப்புப் பெண். எங்கள் மிகச் சிறந்த ரன்னர். அவள் உதடு நிறம் மாறிக்கொண்டிருந்தது. தட்டிலிருந்த சந்தனக் கிண்ணம் கிடுகிடுவென்று ஆடியது.

துரைசாமியிடம் போனேன். "பிள்ளைங்க ஸ்வெட்டர் கொண்டுவந்திருக்காங்க சார். அவர் வர்ற வரைக்கும் போட்டுக்கட்டும்."

"டிரஸ்ஸு மறைஞ்சு போயிருமுங்க டீச்சர். போட்டோக்காரன் வந்துட்டானல்லொ? செத்த நேரந்தானுங்க."

சரி என்று திரும்பி வந்தேன். பன்னிரண்டு பேரின் ஸ்வெட்டரும் சால்வையும் ஒரு பெரிய பையில் என் காலடியில் இருந்தன.

அந்தச் சமயத்தில் கெஸ்ட்டுகளில் ஓர் அம்மா, பருத்திப் புடவையைத் தோளில் இறுக்கிப் போர்த்திக்கொண்டு வந்து, பையில் தெரிந்த பொன்னியின் சால்வையைக் காட்டி, "இதைக் கொஞ்சம் தரியாம்மா? குளிர் தாங்கலை," என்றார். பொன்னி கொடுத்தாள். போகும்போது அந்த அம்மா சால்வையோடு இரண்டு ரூபாயும் அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

சீஃப் கெஸ்ட் வந்தார், பேசினார், போனார். பிள்ளைகள் ஆடினார்கள். பிறகு துரைசாமி மைக்கைப் பிடித்து, வீராங்கனைகளுக்குத் தன் அன்புப் பரிசு என்று அறிவித்தார். இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். மூன்றடி உயரச் சுழற்கேடயம். தேக்குப் பலகை, பித்தளைத் தகடு, நடுவில் அவருடைய காலமான அப்பாவின் பெயர். கேடயத்துக்குப் பின்னால் ஒரு கவர் இருக்கும் என்று நான் எட்டிப் பார்த்தேன். ஆணிதான் இருந்தது.

எச்.எம். என் காதோடு சொன்னார். "பந்தல், மைக் செட்டு, டிரஸ் வாடகை, கேடயம் எல்லாங் கழிச்சா நாமதான் அவருக்குக் குடுக்கோணுமாங்க. வேண்டாம்னுட்டாரு. பெரிய மனசுங்க."

பள்ளிக்குக் கொண்டுபோக அந்தக் கேடயத்தைப் பஸ்ஸில் ஏற்றினோம். கண்டக்டர் அதை மேலும் கீழும் பார்த்தார். "இதுக்கு லக்கேஜ் போடோணுமுங்க டீச்சர்." என் பர்ஸிலிருந்து கொடுத்தேன். குளிர்கால விளையாட்டு நிதியின் முதல் வரவு செலவு அதுதான்.

3. நாகலூர்

மறுநாள் வசந்திக்குக் காய்ச்சல். நாலாவது நாள் நிமோனியா என்று சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு மாதம் ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வீடு திரும்பிய பிறகு பார்க்கப் போனேன். அவள் அம்மா எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவர். என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஸ்வெட்டர் குடுத்துத்தானுங்களே உட்டேன் டீச்சர்? போட்டுக்கலீங்களா அவ?"

வசந்தி படுத்தபடியே என்னைப் பார்த்தாள். "நாந்தாம்மா மறந்துட்டேன்," என்றாள்.

பதின்மூன்று வயதுப் பெண் எனக்காகப் பொய் சொன்னாள். நான் அதைத் திருத்தவில்லை. காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

4. படகுத் துறை

அடுத்த நாள் பொன்னி வந்து நின்றாள்.

"டீச்சர், நாம திருநெல்வேலி போறமுங்களா இல்லீங்களா?"

"தெரியலை கண்ணு."

"அந்தம்மா சால்வைக்கு ரெண்டு ரூவா குடுத்தாங்கல்லொ? கீழ இருந்து வர்றவங்க பூராவும் அரைக்கைச் சட்டையிலதானுங்க வர்றாங்க. படகுல ஏறுனாப் பல்லுத் தந்தியடிக்குது. எங்கூட்டுல எஸ்டேட் கம்பளி மூணு கெடக்குது. எல்லாரும் கொண்டாந்தா வாடகைக்கு உடலாமுங்க. ஒரு ரவுண்டுக்கு ஒரு ரூவா."

எச்.எம்.மிடம் சொன்னேன். அவர் முகத்தில் நிஜமான கவலை. "பள்ளிக்கூடத்து மானம் என்னாகறதுங்க டீச்சர்? அதுவும் போக, எவனாவது கம்பளியோட ஓடிட்டான்னா?"

கூட நின்ற பொன்னி சொன்னாள். "ஏரிக்குள்ள இருந்து எங்கீங்க சார் ஓடறது?"

கமிட்டியில் வைத்துப் பேசலாம் என்றார் எச்.எம். பேசலாம் சார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை கமிட்டி இல்லாமலே படகுத் துறைக்குப் போனோம். இந்த முறை பதினொரு பெண்களும் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொருத்தியாகப் பார்த்துவிட்டுத்தான் நிற்க வைத்தேன். எஸ்டேட்டில் ஆட்களுக்குத் தருகிற கருப்புக் கம்பளிகள், சால்வைகள், அப்பாக்களின் கோட்டுகள் என்று ஒரு கயிற்றில் தொங்கவிட்டோம். அன்று காலை கிளியூரில் பல அம்மாக்கள் போர்த்த ஒன்றும் இல்லாமல் அடுப்பை விட்டு நகரவில்லை என்று பிறகு தெரிந்தது.

முதலில் யாரும் வரவில்லை. முதல் படகு நடு ஏரிக்குப் போய் நடுங்கிக்கொண்டு திரும்பியதும் வியாபாரம் பிடித்துக்கொண்டது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கம்பளியை முகர்ந்துவிட்டு, "என்னம்மா, புகை நாத்தம் அடிக்குது?" என்றார்.

"புகை அடிக்காதது வேணும்னா ஊட்டுல இருந்தே கொண்டாந்திருக்கோணுங்க," என்றாள் பொன்னி. அவர் அதையே போர்த்திக்கொண்டார்.

இரண்டாம் ஞாயிறு துரைசாமி வந்தார். சென்னையிலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பத்தை அவரே படகுக்கு அழைத்து வந்திருந்தார். கயிற்றையும் கம்பளிகளையும் பார்த்து அவர் முகம் சிவந்தது.

"என்னுங்க டீச்சர் இது? பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கள ரோட்டுல நிறுத்திப் பழந்துணி யாவாரமா? என்ற கெஸ்ட்டு முன்னாடி எனக்குத் தலை நிமிர முடியலீங்க. இதுக்காகவா அன்னைக்கு நான் அத்தன செலவு பண்ணுனேன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்தக் குடும்பத்துப் பெரியம்மா ஒரு கம்பளியை எடுத்துப் பேத்திக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். "நல்ல வேளை, இதாவது கிடைச்சுது. உங்க லாட்ஜ்ல ராத்திரி கேட்டா ஆளுக்கொரு பெட்ஷீட்டுன்னு சொல்லிட்டாங்க," என்று துரைசாமியிடமே சொன்னார். பின்னாலேயே குழந்தைகள் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டார்கள். மொத்தம் ஒன்பது.

"சில்லறை இல்லையே," என்றார் பெரியம்மா.

எல்லோரும் துரைசாமியைப் பார்த்தார்கள். அவர் ஜிப்பாவுக்குள் கை விட்டுத் துழாவிப் பத்து ரூபாய் நோட்டை எடுத்தார். பொன்னி வாங்கிக்கொண்டு ஒரு ரூபாயைத் திருப்பித் தந்தாள். மூன்று வருடத்தில் அவர் கையிலிருந்து எங்கள் அணிக்கு நேராக வந்த பணம் அந்த ஒன்பது ரூபாய்தான்.

திங்கட்கிழமை காலை என் மேஜையில் எச்.எம். கையெழுத்தோடு ஒரு மெமோ இருந்தது.

5. விளக்கம்

அந்த மாதம் இருந்த விடுமுறை நாட்கள் எல்லாம் படகுத் துறையில் போயின. பொங்கல் கூட்டத்தில் கம்பளி போதாமல் கோணிச் சாக்கைக்கூட ஒருவர் கேட்டார். ஷூ வாங்கினோம். திருநெல்வேலி போனோம். இரண்டு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவதில் ஒரு பாயிண்ட்டில் தோற்றோம். வசந்தி இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று பிள்ளைகள் யாரும் சொல்லவில்லை. வரும் வழி முழுக்க ரயிலில் நான் மட்டும் அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

அடிவாரத்தில் எங்களை வரவேற்கப் பேனர் கட்டியிருந்தது. 'குளிர்கால விளையாட்டு நிதி திரட்டும் குழுவின் அயராத முயற்சியால்' என்று ஆரம்பித்து ஏழு பேர் பெயரும் இருந்தன. விளையாடியவர்கள் பெயருக்கு இடம் போதவில்லை போலிருக்கிறது.

மெமோவுக்குப் பதில் பாக்கி இருந்தது. அனுமதியின்றி மாணவிகளை ஏரிக்கரையில் நிறுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். ஊருக்கு வந்த அன்றே எழுதினேன்:

'அனுமதி பெற்று மாணவிகளைப் புல்தரையில் நிறுத்தினேன். ஒரு மாணவிக்கு நிமோனியா வந்தது. அனுமதி பெறாமல் ஏரிக்கரையில் நிறுத்தினேன். பதினொரு மாணவிகள் மாநிலப் போட்டிக்குப் போனார்கள். இவற்றில் எதற்கு விளக்கம் தேவை என்று தெரிவித்தால் தருகிறேன்.'

எச்.எம். இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நீங்களே வெச்சுக்குங்க டீச்சர்," என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மெமோ அதன் பிறகு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது.

பதிலைக் கொடுத்த தைரியத்தில் அன்று மாலையே நாகலூர் பஸ் ஏறினேன். வசந்தியின் அம்மாவிடம், ஸ்வெட்டரைப் போடவிடாமல் வைத்திருந்தது நான்தான் என்று சொன்னேன். அவர் அடுப்பில் காப்பித் தண்ணீர் வைத்தார். பிறகு, "தெரியுமுங்க டீச்சர். பொன்னி சொல்லீட்டா. நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்," என்றார்.

இளம் பி.டி. டீச்சர்கள் நிதி திரட்ட யோசனை கேட்டு இப்போதும் என்னிடம் வருகிறார்கள். யோசனை உங்கள் அணியிலேயே யாரிடமாவது இருக்கும், கேளுங்கள் என்று சொல்வேன். இன்னொன்றும் சொல்வேன். எச்.எம்.மையும் துரைசாமியையும் கேலி பேசிப் பேசியே நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். அதற்கு ஒரு செலவும் இல்லை. முடியாது என்று சொல்ல வேண்டிய இடம் கமிட்டியின் அந்த முதல் கூட்டம். அங்கே உட்கார்ந்திருந்தபோது சொல்லியிருக்க வேண்டும்.