ஏற்காட்டுப் படகு

எங்கள் அப்பா ஊர் சுற்றிப் பார்க்கிற ஆளே இல்லை. கிணற்றில் தண்ணீர் முறை இருக்கிற நாளில் கல்யாண வீட்டுக்குக்கூடத் தலையைக் காட்டிவிட்டு ஓடிவந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் அந்தக் கோடை லீவில், எல்லாரும் ஏற்காடு போய்வரலாம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. படகு, தொலைநோக்கி, ரோஜாத் தோட்டம் என்று பஸ்ஸில் வழியெல்லாம் பினாத்திக்கொண்டே வந்தேன்.

அக்காவின் முகத்தில்தான் ஈயாடவில்லை. பள்ளிக்கூடம் முடித்தவள், சேலத்தில் காலேஜில் சேர வேண்டும் என்று கேட்டிருந்தாள். பொட்டப்பிள்ளை படித்தது போதும் என்று அப்பா சொல்லிவிட்டார். அன்று அவளுக்குப் பட்டுச்சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்துக் கூட்டிவந்திருந்தார்கள். மலையைப் பார்க்க எதற்குப் பட்டு என்று கேட்டேன். அம்மா தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

மேலே போனால், அப்பா ஏரிக்கரையை விட்டு நகரவே இல்லை. பக்கத்தில் ஓர் அம்மாளும் அவர் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீட்டார் நேரே வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாமென்றால் பெண்ணுக்குப் பேர் கெட்டுவிடும். அதனால் முதலில் பொது இடத்தில், ஒருவரையொருவர் தெரியாதமாதிரி இருந்து பார்த்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் காதும் காதும் வைத்தமாதிரி முடிந்துபோகும். இதையெல்லாம் எனக்கு யார் சொன்னார்கள்? படகு வேண்டுமென்று காலை உதைத்து அழுதேன். பாப்பாவைத் தங்களோடு ஏற்றிவிடும்படி அந்த அம்மாள் கேட்டார். முன்பின் தெரியாதவர்களோடு தெருமுனைக்குக்கூட அனுப்பாத அப்பா, உடனே தலையாட்டினார்.

படகில் அந்த அம்மாள் அக்காவைப் பற்றியே கேட்டார். எனக்கோ சும்மாவே வாய் நிற்காது. அக்கா வைக்கிற ரசத்தைப் புகழ்ந்துவிட்டு, அந்தக் கையோடு, "அக்காளுக்குக் காலேஜ் போகோணுமாங்க. அப்பா ஆகாதுன்னுட்டாருங்க. இப்பெல்லாம் சோறே உங்கறதில்லீங்க, அழுதுட்டே இருக்குது" என்றும் சொல்லிவைத்தேன். கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த அம்மாள் சிரித்தார். மகன் சிரிக்கவில்லை. கரையேறும்போது எனக்குக் கைகொடுத்து இறக்கிவிட்டு, "இதை எங்ககிட்டச் சொன்னேன்னு அப்பாகிட்டச் சொல்லாத சாமி" என்றார்.

நாலைந்து நாளில், ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்த கதையே அன்றுதான் எனக்குத் தெரியும். முன்னமே பார்த்துப் பொருந்திய ஜாதகம் இப்போது எப்படிப் பொருந்தாமல் போகும் என்று அம்மா புலம்பினாள். அப்பா வெகுநேரம் வாசலிலேயே நின்றார். சாயங்காலம் உள்ளே வந்து, வேறு இடம் அமைகிறவரைக்கும் காலேஜுக்குத்தான் போகட்டுமே என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்.

அக்கா என்னை மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். படகில் என்ன பேசினாய் என்று கேட்டாள். அவர் சொல்லக்கூடாது என்றது அப்பாவிடம்தானே? ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது.

"அழுவாதக்கா, அவுரு நல்லவருதான். மறுபடி வருவாரு" என்று தேற்றினேன்.