பத்தாவது கண்ணி

அந்தக் குழந்தையின் மூச்சைப் பறித்தது ரோதைமுனி அல்ல. நான்தான்!

எங்கள் தேயிலைத் தோட்டங்களில் இயந்திரச் சக்கரங்களைக் காக்கும் தெய்வம் ரோதைமுனி. கோழி அறுத்துக் கும்பிடாமல் எந்த இயந்திரத்தையும் திறக்கமாட்டார்கள். நான் அதை நம்பாதவன். நமுனுகுல மலைச்சரிவில், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எஸ்.எஸ்.சி. தேறியவன் அல்லவா!

எங்கள் லயத்தின் ஒற்றையறை வீடுகளில், பக்கத்துக் காம்பரா வேலாயுதம் அண்ணன் பழைய வாடகைக் காரொன்றை ஓட்டிவந்தார். அதன் எஞ்சினின் முன்புறத்தில் ஓயாத சலசலப்பு.

"தம்பி, இங்கிலீசு புஸ்தகம் இருக்கு, படிக்கத்தான் ஆளில்ல. நீ பாரேன்" என்றார். "கோழி ஒண்ணு அறுத்துட்டுத் தொறப்போம்."

"எஞ்சின் கோழியாண்ணே கேக்குது? பெட்ரோல்தானே கேக்குது!"

அவரும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு என்னை இன்னும் சுடுகிறது...

ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். வால்வுகளை நேரத்துக்குத் திறக்கவைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தது. நான் கண்டுபிடித்தது சரி. அதிலே பிழையில்லை!

புதுச் செயினை லயத்து வாசலிலேயே மாட்டினோம். கீழ்ச்சக்கரக் குறியிலிருந்து பத்தாவது கண்ணியில் மேல்சக்கரக் குறி நிற்கவேண்டும் என்றது புத்தகம். குறியில் இருந்த கண்ணியையே ஒன்றென எண்ணத் தொடங்கினேன். செத்த நாளையும் சேர்த்துத்தானே நாங்கள் பதினாறு எண்ணுவோம்? வேறு விதமாக எண்ண எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்!

மேல்சக்கரம் ஒரு பல் பிந்திவிட்டது.

வண்டி கிளம்பியது, சமதரையில் நன்றாகவே ஓடியது. ஆனால் அதன் துடிப்பு மாறியிருந்தது. குப்... குப்... ஏதோ ஒன்று ஓரடி பின்னால் நடந்து வருவதைப்போல.

மாலையில் புத்தகத்தின் படத்தை மறுபடி பார்த்தபோது தவறு புரிந்தது: குறிக்கு அடுத்த கண்ணியைத்தான் ஒன்றென எண்ணியிருக்கவேண்டும். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். வாசலில் அப்பா ஊராரிடம், "மெக்கானிக்குக் கூட தெரியாதத எம்மவன் படிச்சே செஞ்சுபுட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாளை திருத்திக்கொள்ளலாம் என்று புத்தகத்தை மூடினேன்.

மறுநாள் நண்பகலில் அண்ணனின் மனைவி ராசம்மா அக்காவுக்குப் பிரசவ வலி கண்டது. அதே காரில் பதுளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். நான் வாசலில் நின்று பார்த்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை... ஏன்? ஏன்?

மேல் வளைவின் ஏற்றத்தில் இழுவை போதாமல் கார் நின்றுவிட்டது. வெள்ளை மூட்டம், எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. காரிலேயே பிறந்த பிள்ளை அழவேயில்லை. அக்கா மட்டும் பிழைத்தாள்.

"கோழி அறுக்காமத் தொறந்துட்டேன். முனி மறிச்சிருச்சு" என்று அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். கோழியை வேண்டாமென்று சிரித்தவன் நான் என்பதை எவரிடமும் அவர் சொல்லவில்லை. செயினைச் சரிபார்ப்பதாகச் சொல்லி, ஒரு பல்லை நகர்த்தி வைத்தேன். கார் பழையபடி மலையேறிற்று.

சில மாதங்கள் கழித்து, ஒரு பகலில், அதே வளைவில் அக்காவும் நானும் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். மூட்டம் இறங்கியது. அக்கா சட்டென்று என் கையைப் பற்றினாள்.

"கேக்குதா தம்பி?"

கேட்டது. குப்... குப்... ஓரடி பிந்திய அதே துடிப்பு! என் கையால் நான் திருத்திவிட்ட ஓசை. உலகில் இப்போது எந்த எஞ்சினிலும் இல்லாத ஓசை. ஏற்றத்தின் பாதிவரை வந்தது, அங்கேயே நின்றது. பாதையில் எதுவுமில்லை.

"நீ படிச்சவன். ஒளிக்காமச் சொல்லு. அவரு கோழி அறுக்காததாலதானா எம்புள்ள போச்சு?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. நாக்கு வேறொன்றைச் சொன்னது.

"ஆமாங்கக்கா."

அவள் தலையாட்டினாள். கையை விட்டாள். அழக்கூட இல்லை.

உங்களிடம் இன்று சொல்லிவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பகலுக்குப் பிறகு அவள் அண்ணனோடு ஒரு வார்த்தையும் பேசியதில்லை. எங்கள் சுவருக்கு அப்பால், அந்த ஒற்றைக் காம்பராவில், இப்போது இரண்டு அடுப்புகள் எரிகின்றன.