இருபத்தோராம் கொடி

கூடலூருக்கு வெளியே அக்காவின் திராட்சைத் தோட்டத்தில், காய்ப்புக் குறைந்த கொடிகளை வெட்டிவிட்டுப் புதுக் கன்று வைப்பதென்று முடிவாயிற்று. எவற்றை வெட்டுவது என்று சொல்லும் பொறுப்பு எனக்கு. நான் சி மொழியில் கணினி நிரல் எழுதிச் சம்பாதிப்பவன்.

கடந்த மூன்று அறுவடையிலும் கொடிக்கு எத்தனை கொத்து என்பதை, கிளை கழித்துக் கவாத்து செய்யும் பெண் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதை அரே என்னும் எண் அடுக்கு ஒன்றில், முப்பரிமாணத்தில் ஏற்றினேன்: வரிசை, கொடி, அறுவடை. இருபத்திரண்டு வரிசை, வரிசைக்கு இருபது கொடி. பந்தலையே பெயர்த்து நினைவகத்தில் வைத்ததுபோல் இருந்தது. எனக்கு அதில் பெருமைதான்.

நிரல் முப்பது கொடிகளைக் காட்டியது. மறுநாள் காலை எல்லாவற்றின் அடித்தண்டிலும் சிவப்பு பெயிண்ட் வைத்தேன். அந்தப் பெண் ரம்பத்தோடு பின்னால் வந்தார். ஐந்தாம் வரிசை முடியும்வரை நான்கு கொடிகள் விழுந்தன. ஆறாம் வரிசையில், சாலையோரத்து முதல் கொடியருகே நின்றுவிட்டார்.

"அண்ணே, இதையா?"

"ஆமாம். மூன்று அறுவடையிலும் பத்துக் கொத்துக்கூட இல்லை."

"ஒங்க கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? போன தடவ இதுல மட்டும் ஒரு கூடை அறுத்தேன்."

அக்கா மோட்டார் ரூமிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏத்தா, தம்பி படிச்சுப் பாத்துத்தான் சொல்றான். அறுத்துப் போடு!"

"நான் அறுக்க மாட்டேன்க்கா. வேணும்னா அவுகளையே அறுக்கச் சொல்லுங்க." ரம்பத்தை என் கையில் கொடுத்துவிட்டார்.

நான் பட்டியலைப் பார்த்தேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை, ஏழு வரிசையிலும் முதல் கொடிக்கே தண்டனை. நோய் இப்படி நூல் பிடித்து வராது. அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, எல்லை மீறலைக் கண்காணிக்கச் சொல்லி நிரலைத் திரும்பக் கம்பைல் செய்து ஓட்டினேன். கொடி எண் இருபதைத் தாண்டுகிறது என்று பிழை வந்தது.

"எந்த வரிசையிலாவது இருபத்தோரு கொடி இருக்கா?" என்று கேட்டேன்.

"அஞ்சுலருந்து பதினொண்ணு வரைக்கும் இருக்கே! வாய்க்கா வளையுற எடத்துல எடம் கெடந்துச்சுன்னு அக்காதான் வரிசைக்கொண்ணு நட்டாக. தென்னை நிழலு, காய்க்காது. அதையெல்லாம் நோட்டுக் கடேசிப் பக்கத்துல தனியா எழுதிருந்தேனே."

நானும் அவற்றை, எண்ணைக் கவனிக்காமல், கடைசியில்தான் ஏற்றியிருந்தேன். சி மொழியில் அரேயின் வரிசைகள் நினைவகத்தில் இடைவெளியின்றி ஒன்றையடுத்து ஒன்றாகக் கிடக்கும். இருபதுக்கு மட்டும் இடம் ஒதுக்கிய வரிசையில் இருபத்தொன்றாவதை எழுதினால், அது அடுத்த வரிசையின் முதல் இடத்தில் போய் உட்காரும். நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலர் தானாக எதுவும் கேட்காது. வாய்க்காலோர நோஞ்சான்களின் எண்கள், சாலையோரத்து நல்ல கொடிகளின் எண்களை அழித்துவிட்டிருந்தன.

அந்த ஏழு கொடிகளும் பந்தல் ஏறிக் காய்க்க இரண்டு வருடம் பிடித்தவை. அவர் ரம்பத்தைக் கொடுக்காமல் நான் சொன்னதைக் கேட்டிருந்தால், அன்று மதியத்துக்குள் ஏழும் விறகு. "நீங்க நிறுத்தலேன்னா கெடுத்திருப்பேன்" என்றேன். அன்று நாட்குறிப்பில் எழுதிய முதல் வரியும் அவருக்கான நன்றிதான்.

"அதுக்குப் போயி என்னண்ணே. கொத்த அறுத்த கைக்குத் தெரியாதா?" என்றவர், மண்ணெண்ணெயில் நனைத்த துணியை என்னிடம் நீட்டினார். நானே ஏழு தண்டுகளையும் துடைத்தேன். ஒன்றில் மட்டும் சிவப்பு பட்டைக்குள் ஊறிவிட்டது.

"விடுங்கண்ணே, அது பாட்டுக்குக் காய்க்கும்" என்று சொல்லி ரம்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அந்த நோஞ்சான்களை அறுக்க வாய்க்கால் பக்கம் நடந்தார்.