தனித்தனியாகப் போட்ட கணக்கு

என் தம்பி, கண்ணுக்குத் தெரியாத துகள்களைப் பற்றிக் கணக்குப் போடுகிறவன். கருவி எதுவும் கிடையாது, தாளும் பேனாவும்தான். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அவன் வேலையில் விளங்கியது ஒன்றுதான். அவனும் கல்கத்தாவில் இருந்த அவன் கூட்டாளியும் ஒரே கணக்கை, ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல், அவரவர் இடத்தில் உட்கார்ந்து போடுவார்கள். கடைசியில் இரண்டு விடையும் ஒத்துவந்தால்தான் கட்டுரை வெளியே போகும். இருவர் பேரும் சேர்ந்து வந்த கட்டுரைகள் எல்லாமே அப்படி வந்தவை.

அந்தக் கூட்டாளி ஒருமுறை எங்கள் மலைக்கு வந்திருக்கிறார். சாமைச் சோறும் புளிக்குழம்பும் போட்டேன். எங்கள் பேச்சு அவருக்குத் தெரியாது. தட்டை நீட்டிச் சிரித்து இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சென்ற புரட்டாசியில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

அதற்குச் சில நாள் முன்புதான் இருவரும் போனில் விடையைச் சொல்லிக்கொண்டார்கள். ஓர் இடம் தவிர எல்லாம் ஒத்துப்போனது. தம்பிக்குக் கூட்டல் குறி வந்த இடத்தில் அவருக்குக் கழித்தல். திரும்பப் பார்க்கிறேன் என்றாராம். பார்ப்பதற்குள் ஆள் இல்லை.

சாமை அறுப்புக்கு ஊருக்கு வந்த தம்பி கட்டில் முழுக்கத் தாளைப் பரப்பிக்கொண்டு கிடந்தான். என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா?

"இன்னா மச்சான், கூட்டலா கழித்தலான்னு இன்னுமா தெரில? இங்க குடு, நான் போட்டுத் தர்றேன்."

"மொதல்ல சாமை மூட்டைய சரியா எண்ணுங்க மாமா. நேத்து ஒரே மூட்டைய ரெண்டு வாட்டி எண்ணுனீங்க."

சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. நான் பக்கத்தில் போய், "உன் பேர மட்டும் போட்டு அனுப்பிட்டா இன்னாடா?" என்றேன்.

"பாதி வேலை அவரோடதுக்கா. அவர் பேர எடுக்க முடியாது. தப்பு இருந்தா, அந்தத் தப்போட அவர் பேரப் போடவும் முடியாது."

மறுபடி தாளை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டான்.

புதுச் சாமையை அம்மனுக்குப் படைக்காமல் நாங்கள் வாயில் வைப்பதில்லை. அந்த வெள்ளிக்கிழமை பொங்கி எடுத்துக்கொண்டு காளியம்மன் கோயிலுக்குப் போனோம். "தாயே, என் தம்பி போட்டதே சரின்னு வரணும்" என்று வாய்விட்டு வேண்டினேன். பக்கத்தில் நின்றவன் என் கையைப் பிடித்தான்.

"அப்பிடி வேண்டாதக்கா."

"பின்ன இன்னான்னு வேண்றது?"

"நான் போட்டது தப்புன்னு வரட்டும். அவரு சரியா போட்டுட்டுத்தான் போனாருன்னு இருக்கட்டும்."

எங்கள் நிலத்துக்கு மழை வர வேண்டும், என் பிள்ளைக்குக் காய்ச்சல் விட வேண்டும் என்றே கேட்டுப் பழகியவள் நான். என் கூடப் பிறந்தவன் தோற்க வேண்டும் என்று எப்படிக் கேட்பேன்? "உனக்குத் தெரியும், தாயே" என்று மட்டும் சொல்லிக் கற்பூரத்தை ஒற்றிக்கொண்டேன்.

பிறகு அவருடைய பழைய மாணவி ஒருத்தி, இருவர் தாளையும் பார்க்காமல், அந்தக் கணக்கை முதலிலிருந்து போட ஒப்புக்கொண்டாள். கார்த்திகையில் தம்பி மறுபடி வந்திருந்தபோது அவள் விடை வந்தது. தம்பிக்கு வந்த அதே கூட்டல்தான்.

தம்பி அன்றைக்குச் சோற்றைத் தொடவில்லை. கூட்டாளியின் வீட்டம்மா முன்பே படமெடுத்துப் போனில் அனுப்பியிருந்த அவருடைய தாள்களை அதற்குப் பிறகுதான் திறந்து பார்த்தான்.

"ஒரே வரிக்கா. ஒரு வரிலேர்ந்து அடுத்த வரிக்கு எழுதறப்ப குறி வுட்டுப்போச்சி. அப்பவே ஒடம்பு முடியாம இருந்திருக்கும்."

மூன்று பேர் பேரையும் போட்டுக் கட்டுரையை அனுப்பினான். அவர்கள் வேலையில் பெரியவர் சின்னவர் பார்ப்பதில்லையாம், எழுத்து வரிசைதானாம். அந்த வரிசையில் அவர் பேரே முதலில் வந்தது.

அந்த அம்மாவுக்குப் போன் செய்தான். இங்கிலீஷில் பேசினான். வைத்ததும், "இன்னா கேட்டாங்க?" என்றேன்.

"வேலை முடிஞ்சிதான்னு கேட்டாங்க. ஒரு எடத்துல தப்பு இருந்திச்சி, சரி பண்ணிட்டோம்னு சொன்னேன். யாரு தப்புன்னு அவங்க கேக்கல. நானும் சொல்லல."

அது பொய்யாகாது என்றுதான் என் மனசு சொல்கிறது. இருந்தாலும் அன்று சாயங்காலம் விளக்கேற்றும்போது அம்மனிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவைத்தேன்.