‘குடிச்சிருந்தாரு’ என்ற ஒரு சொல்

“குடிச்சிருந்தாரு சார்.” விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் என் பெரியம்மா சொன்னது அவ்வளவுதான். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் கம்பெனியில், வருகை பதியும் டைம் ஆபீசில் வேலை பார்த்தவர் அவர். வேலைக்கு வருகிற யாரும் அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போக முடியாது. ஒரு நாள் கழிவுத் தொட்டியில் அடைப்பு எடுக்க இறங்கிய மேஸ்திரி விஷவாயு தாக்கிச் செத்துப்போனார். இறங்கச் சொன்னது மேனேஜர். மூக்கில் கட்டிக்கொள்ள ஒரு துணிகூடக் கொடுக்கவில்லை. குடித்துவிட்டு அவராகவே இறங்கினார் என்று சொல்லும்படி பெரியம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதே மேனேஜர்தான். வேலை போய்விடுமே என்ற பயத்தில் பெரியம்மா அப்படியே சொல்லிவிட்டார். மேஸ்திரியோ குடியைத் தொட்டே அறியாதவர். அன்று காலை தன்னிடம் சிரித்துப் பேசிவிட்டுப் போனவரின் வாயில் டீ வாசனைதான் அடித்தது என்று பெரியம்மாவே பிறகு எங்களிடம் சொல்லி அழுதார்.

இதில் என் வயிறு எரிவது எங்கே என்றால், எல்லாரும் ஒரே சபை. மேனேஜர் சபைக் கமிட்டியில் இருப்பவர். மேஸ்திரியின் மனைவியும் பிள்ளைகளும் நாங்கள் உட்காரும் பெஞ்சுக்கு நாலைந்து பெஞ்சு முன்னால் உட்காருவார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் முழங்காலிட்டு, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல, பொதுப் பாவ அறிக்கையைச் சொல்வோம். போதகர் எழுந்து நின்று பாவமன்னிப்பைக் கூறுவார். ஆமென் என்போம். மேனேஜரின் ஆமென்தான் எல்லாவற்றையும்விட ஓங்கிக் கேட்கும். வெளியே வந்தால், அந்தப் பிள்ளைகளைக் காட்டி, “குடிச்சிட்டு செத்தாரே, அவரு பசங்க” என்று கிசுகிசுப்பார்கள். சற்று முன்னால்தான் மன்னிப்பு வாங்கிய வாய்கள் அவை.

பெரியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. போதகரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார். துணைக்குப் போன நான் பக்கத்திலேயே இருந்தேன். போதகர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, “அறிக்கை பண்ணிட்டீங்க இல்லம்மா? கர்த்தர் மன்னிச்சிட்டாரு. மறந்துட்டாரு. இன்னும் இன்னாத்துக்குக் கிளறிக்கிட்டு?” என்றார்.

“கர்த்தர் மறந்துட்டாரு ஐயா. தெரு மறக்கலியே” என்றார் பெரியம்மா.

விசுவாசி பாவத்தில் விழுந்தால் மனம் திரும்ப வேண்டும், அறிக்கை செய்ய வேண்டும், அப்போது மன்னிப்பு உண்டு. இதை நானும் முழு மனதோடு நம்புகிறேன். அந்த மன்னிப்பை நம்பித்தான் நானும் உயிரோடு இருக்கிறேன். ஆனால் செத்தவன் பெயரைச் சாக்கடையில் போட்டுவிட்டு, ஆண்டவரோடு நான் சரியாகிவிட்டேன் என்று ஒருவன் கை கழுவினால் அதற்கு என்ன பெயர்? மேனேஜரைக் காப்பாற்றத்தான் போதகருக்கு அன்று கிருபை தேவைப்பட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கொதிக்கிறது.

அடுத்து மேஸ்திரி வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. பெரியம்மா கையைக் கூப்பிக்கொண்டு அழுதார். மடித்த துணியைக் கீழே வைக்காமலே அந்த அம்மாள் சொன்னார்: “எங்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? அவரு குடிக்க மாட்டாருன்னு எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லு.”

அந்த ஞாயிறு, பொதுப் பாவ அறிக்கை முடிந்து போதகர் மன்னிப்பைக் கூற எழுந்தபோது, பெரியம்மாவும் எழுந்துவிட்டார். “மேஸ்திரி குடிக்கல. குடிச்சாருன்னு நான்தான் பொய் சொன்னேன். சொல்லச் சொன்னவரும் இங்கதான் உக்காந்திருக்காரு.” அதற்குமேல் அவரைப் பேச விடவில்லை. போதகர் கையைக் காட்ட, பாடகர் குழு அவசரமாக ஒரு பாட்டை எடுத்து அவர் குரலை மூடிவிட்டது. மறுநாள் அதிகாரியிடமும் போய் உண்மையைச் சொன்னார். பயந்தபடியே வேலை போயிற்று. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. சபைக் கமிட்டி கூடி, ஆராதனையைக் குலைத்தார் என்று அவரைத் திருவிருந்திலிருந்து நிறுத்தி வைத்தது. பொய் சொன்னபோது அப்பமும் திராட்சை ரசமும் கொடுத்தார்கள். உண்மை சொன்னதும் நிறுத்திவிட்டார்கள். நல்ல நியாயம்!

நிறுத்தி வைத்தது இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. திருவிருந்து ஞாயிறுகளில் பெஞ்சு பெஞ்சாக எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போவார்கள். பெரியம்மா மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பார். திரும்பி வருகிறவர்கள் அவர் பக்கம் பார்க்காமல் வருவார்கள். ரசக் கிண்ணத்தைப் பிடிக்கும் உதவிக்கு இப்போது அந்த மேனேஜரையே வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் அந்த வரிசையில் மேஸ்திரியின் மனைவி முழங்காலிட்டிருந்தார். பின்னால் காத்திருந்த நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜர் கிண்ணத்தோடு அவர் முன்னால் வந்து நின்றார். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். கிண்ணத்தில் வாய் வைக்காமலே எழுந்தார். சபை முழுவதும் பார்க்க நடந்து வந்து, தன் பெஞ்சையும் தாண்டி, பெரியம்மாவின் பெஞ்சருகே நின்றார்.

“இன்னும் நான் மன்னிக்கல” என்றார். “தள்ளி உக்காரு.”